விற்காத துணியில் தைத்த சட்டைகள்

1

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன பெண் அதிகாரி தேடியது நேந்திரங்காய் வறுவலை. இந்த நாட்டுக்குள் ஒரு விதையோ, காய்ந்த இலையோ, செருப்பில் ஒட்டிய மண்ணோ சொல்லாமல் நுழைய முடியாது. வறுவலை நான் முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்தியாகி ஓரமாக வைத்தார். அதன் கீழே இருந்த துணிகளைக் கண்டதும் அவர் கை நின்றது.

முதலில் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை வந்தது. அடுத்து ஒரு சுடிதார், ஒரு கவுன், ஒரு ரவிக்கை, கைக்குழந்தைக்கான ஒரு சட்டை. எல்லாம் ஒரே துணி. எல்லாம் கறுப்பு, ஆனால் ஒழுங்காக ஏறாத கறுப்பு. அங்கங்கே கறுப்புக்கு அடியிலிருந்து பெரிய பெரிய ஊதாப் பூக்கள் எட்டிப் பார்த்தன.

"விற்பதற்கா?" என்று கேட்டார்.

"இல்லை."

"நாடகக் குழுவா?"

"குடும்பம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மகள் தாரிணியைப் பார்த்தார். அவள் தள்ளுவண்டியின் கைப்பிடியில் தலை சாய்த்து, கேமராப் பையை இரண்டு கைகளாலும் அணைத்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். நகக்கண்களில் சாயக் கறுப்பு இன்னும் போகவில்லை. அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, துணிகளை மடித்து, நான் மடித்திருந்ததைவிட நன்றாகவே மடித்து, உள்ளே வைத்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார். என்னால் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவருக்கு விளக்க முடியவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்காவது விளக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

நான் இந்த நாட்டின் தலைநகரான வெலிங்டனில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கட்டடம் கட்டும் நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். காலையில் பேருந்து, மதியம் டப்பாவில் தயிர்சாதம், சாயங்காலம் காற்று. இந்த ஊரில் குடை விரிப்பவனைப் பார்த்தாலே புதிதாக வந்தவன் என்று சொல்லிவிடலாம். அப்படி ஒரு காற்று. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் சட்டென்று ஒரு அமைதி. அந்த அமைதியில் நடைவழிச் சுவரில் எங்கள் குடும்பப் படம் தொங்கும்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் சாலை பஜாரில், ஊர்க்காரர்கள் வெறுமனே சாலை என்று சொல்லும் கடைத்தெருவில், அப்பாவுக்குத் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து அங்கேயே ஒட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. துணிக்கடைப் பிள்ளைகளுக்கு நல்ல துணி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் துணிக்கடை வீட்டில் பிறக்காதவர்கள். நல்ல துணி விற்றுப்போகும். யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்து, மடிப்பு மடிப்பாக வெளுக்கத் தொடங்கும் துணிதான் தீபாவளிக்கு எங்கள் உடம்புக்கு வரும். அதுவும் ஒரே சுருளை வெட்டி வீட்டில் எல்லோருக்கும் தைப்பார்கள். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன், மிஞ்சியதில் தலையணை உறை. தெருவில் நாங்கள் வரிசையாக நடந்து போனால் ஒரு ஜன்னல் திரை நடந்து போவது போல இருக்கும்.

எனக்குப் பத்து வயதிருந்த தீபாவளிக்கு வந்தது மாம்பழ மஞ்சளில் ஊதாப் பூப்போட்ட துணி. காந்தி அக்காவுக்கு, அதாவது காந்திமதிக்கு, அப்போது பதினாலு வயது. விடியற்காலையில் எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்த அண்டாவில் அவள் கறுப்புச் சாயப்பொடியைக் கொட்டித் தன் கவுனை முக்கி எடுத்துவிட்டாள். பொடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, சாலையில் எதுதான் கிடைக்காது. அடுத்துக் குளிக்கப் போன சித்தப்பா சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தார் என்று இன்றும் வீட்டில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை.

அப்பா அடித்தார். அதிகம் பேசாத மனிதர், பேசாமலேயே அடித்தார். பிறகு வழக்கம்போல எல்லோரையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். மூத்தவன் நெல்லையப்பன் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவை அதன் பின்னால் நிறுத்தி, கறுப்புத் தெரியாதபடி அண்ணனை அகலமாக உட்காரச் சொன்னார். படத்தில் அக்காவுக்கு முகம் மட்டும்தான் இருக்கிறது. நான் முன்வரிசையில் கைகட்டி நிற்கிறேன். சொன்னதைக் கேட்டால் முன்வரிசை என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டேன். சொன்னதைக் கேட்டு வணிகவியல் படித்தேன், சொன்ன பெண்ணைக் கட்டினேன் (அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை), மாமா ஒருவர் சொல்லித்தான் இந்தத் தேசத்துக்கும் வந்தேன். இருந்தாலும் கடல் தாண்டியவன் நான் ஒருவன்தானே, குடும்பத்திலேயே துணிச்சல்காரன் நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு.

3

தாரிணி இங்கே பிறந்தவள். அவளுடைய தமிழ் சமையலறைத் தமிழ். பசிக்கும், தூக்கத்துக்கும், கோபத்துக்கும் போதும், அதற்கு வெளியே போனால் மூச்சு வாங்கும். பள்ளி முடித்ததும் அக்கவுண்டன்சி படி என்றேன். வேண்டாம் என்றாள். போட்டோகிராபி என்றாள். அதைப் பற்றி வீட்டில் நடந்ததை விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு பெரிய வேலை கொடுத்தார்கள். அவளே எடுத்துக்கொண்ட பொருள், குழந்தைப் பருவமும் இளவயதின் கலகமும். அதை ஃபேஷன் படங்களாக எடுக்க வேண்டும். அவள் கல்லூரித் தோழிகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் எடுத்தாள். கையில் குச்சிமிட்டாய், தலையில்லாத கரடி பொம்மை, நெற்றியில் கட்டிய பள்ளிக்கூட டை. எனக்குப் பத்திரிகை அட்டை போல அழகாகத்தான் தெரிந்தது. ஆசிரியர்கள் பார்த்துவிட்டு ஒளி நன்றாக இருக்கிறது, உடை நன்றாக இருக்கிறது, ஆனால் இது யாருடைய குழந்தைப் பருவம் என்று கேட்டார்களாம். வருஷக் கடைசிக்குள் மறுபடி எடுத்து வர ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதிலும் தேறாவிட்டால் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று தாரிணி சாப்பாட்டு மேசையில் சொன்னாள். என் மனைவி வள்ளி அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது போல இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை.

மறுநாள் காலை அவள் பல் தேய்த்துக்கொண்டே நடைவழியில் நின்றாள். பிறந்ததிலிருந்து கடந்துபோன படத்தை அன்றுதான் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்பா, அத்தை மட்டும் ஏன் ஒளிஞ்சு நிக்கறா?"

சொன்னேன். அவள் பிரஷை வாயிலிருந்து எடுக்கவே மறந்துபோய்க் கேட்டாள். அந்த வாரமே சாலையில் கடையை நடத்தும் நெல்லையப்பன் அண்ணனுக்கு வீடியோவில் பேசிவிட்டாள். அதே மாதிரித் துணி வேண்டும், அண்ணன் மகள் கோமுவின் அளவுக்கு ஒரே ஒரு கவுன் தைத்து வைக்க வேண்டும் என்றாள். அண்ணன் சிரித்தான். "வெளங்காத டிசைன் நம்ம கடையில எப்பவும் உண்டு மோளே. நீ வா." செப்டம்பர் விடுமுறைக்கு அவள் டிக்கெட் எடுத்தாள். மொழிபெயர்க்கவும் பெட்டி தூக்கவும் நானும் கூடப் போனேன்.

4

திருவனந்தபுரத்தில் இறங்கிய முதல் சில நாட்கள் நான் எப்போதும் பாதித் தூக்கத்தில்தான் நடப்பேன். ஓணத்துக்கு முந்தின வாரம். சாலையில் ஆட்கள் தோளோடு தோள் உரசி நகர்ந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கால் தரையில் படாமலேயே நான் கோட்டை வாசல் வரை வந்துவிட்டது போல இருந்தது. மழை வந்ததா, போனதா என்று தெரியாத ஒரு வெளிச்சம். யாரோ கூப்பிடுவார்கள், நான் திரும்புவதற்குள் வேறு யாரோ ஆகிவிடுவார்கள். மலையாளத்தில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, அதற்குத் தமிழில் மன்னிப்பும் கேட்டேன்.

தாரிணி முதலில் போனது காந்தி அக்காவிடம். அக்கா அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அத்தானும் அவளும் கரமனையில் குடியிருக்கிறார்கள். கறுப்புக் கவுன் கதையைக் கேட்க வந்த மருமகளுக்கு அவள் தோசை வார்த்துப் போட்டாள், கதையைத் தரவில்லை.

"அதொக்க ஒரு கதையா? சின்னப் பிள்ளையில ஒரு பிராந்து, கிறுக்கு. சட்னி போதுமா?"

படத்தில் நிற்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். அலுவலகத்தில் யாராவது பார்த்தால் சிரிப்பார்களாம். அண்டாவில் சாயம் கலக்கிய அக்காவா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

எனவே தாரிணி கோமுவோடு பொன்முடிக்குக் கிளம்பினாள். மலையில் படம் எடுக்க அனுமதி வேண்டும் என்று யாரோ சொன்னதால் முந்தின நாள் முழுவதும் நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். இங்கே கேட்டால் அங்கே என்றார்கள், அங்கே கேட்டால் ஓணம் கழிந்து வரச் சொன்னார்கள். கடைசியில் மலையடிவாரத்து வித்துராவில் சாயா குடித்துவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று ஜீப்பில் ஏறினோம். செக்போஸ்டில் இருந்தவர் கோமுவின் உடையைப் பார்த்தார். தோள்கள் விடைத்த வெள்ளைக் கோட்டு, காலில் ஸ்கேட்டிங் சக்கரச் செருப்பு.

"கல்யாண ஆல்பமோ?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"செக்கன் எவிடெ?" மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்.

"செக்கன் பின்னே வரும்," என்றாள் கோமு. அவர் சிரித்துக்கொண்டே கம்பைத் தூக்கினார்.

மேலே மூடுபனி. கொண்டை ஊசி வளைவில் கோமு நிற்பாள், பத்து அடி தள்ளி நாங்கள் நிற்போம், நடுவில் பனி வந்து அவளைத் துடைத்துவிடும். மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக அவள் வருவாள், முதலில் கோட்டு, பிறகு முகம். தேயிலைத் தொழிலாளர் வீடுகளின் வரிசையில் கொடியில் காயப்போட்ட துணிகள் ஆள் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. யாரும் சத்தமாகப் பேசவில்லை. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து இது வெலிங்டனா பொன்முடியா என்று மறந்துபோய், இறந்துபோன அப்பா இப்போது வளைவில் திரும்பி வந்தால்கூட ஆச்சரியப்பட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சோகமா இரு. வீட்டை விட்டு ஓடி வந்த மாதிரி," என்றாள் தாரிணி.

கோமு முயன்றாள். பிறகு என்னிடம் வந்தாள். "சித்தப்பா, அவட்ட சொல்லுங்க. நான் கரையும்போ இப்படியொண்ணும் நிக்க மாட்டேன். கதவடைச்சுட்டுப் போர்வைக்குள்ள கிடப்பேன். அவ்வளவுதான்."

அழும்போது தான் இப்படி நிற்பதில்லை என்று அவள் சொன்னதை மொழிபெயர்த்தேன். தாரிணி கேமராவை மூடினாள். திரும்பும் வழியில் ஜீப்பின் பின்சீட்டில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு அப்பா," என்றாள். "ஆனா உள்ளே யாருமே இல்லை."

இனி எடுக்க இருந்தது அண்ணன் வீட்டு மொட்டைமாடிப் படம் மட்டும்தான். கோமு அந்தப் பூப்போட்ட கவுனைக் கேமராவுக்கு முன்னால் கறுப்புச் சாயத்தில் முக்க வேண்டும், பிறகு அதை அணிந்து நிற்க வேண்டும் என்று தாரிணி எழுதி வைத்திருந்தாள். எல்லாம் அந்த ஒரு கவுனில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

5

மறுநாள் காலை அண்ணன் வீட்டு மொட்டைமாடிக்கு நாங்கள் ஏறினோம். அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணன், மதினி, கோமு, அண்ணன் மகன், மருமகள், அவள் இடுப்பில் கைக்குழந்தை, வர மாட்டேன் என்ற காந்தி அக்கா, அவளுக்குப் பின்னால் அத்தான். எல்லோரும் மாம்பழ மஞ்சளில் ஊதாப் பூ. மேகம் மூடியிருந்த வானத்துக்குக் கீழே அந்த மாடி மட்டும் தனியாக வெயிலடித்தது போல இருந்தது. எனக்கு நாற்பது வருஷம் பின்னால் போய் விழுந்துவிட்ட மாதிரி தலை சுற்றியது.

அண்ணன் என்னிடம் ஒரு சட்டையை நீட்டினான். "இந்தா, உனக்கு. போடு." போட்டுக்கொண்டேன்.

தாரிணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ஒண்ணுதான் கேட்டேன். கோமுவுக்கு மட்டும். ஒரு பெண்ணு தனியா நிக்கற படம் இது. இப்போ எல்லாரும் ஒரே மாதிரி."

நான் அண்ணனிடம் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"அது எப்படிடே ஒரு பிள்ளைக்கு மட்டும் புதுத்துணி எடுக்கது? மத்தவங்க மொகம் வாடாதா? பீஸை வெட்டினா வீட்டுல எல்லாருக்கும் வெட்டணும். காந்திக்கும் ஆள் விட்டுக் கொடுத்தேன். ஓணத்துக்குப் புதுத்துணி, ஓணக்கோடியும் ஆச்சு பின்னே."

இதில் அவன் மேல் தப்பு சொல்ல என்ன இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் ஒருவருக்கு மட்டும் துணி எடுத்ததில்லை. நானே வெலிங்டனில் மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் குளிர்கோட்டு வாங்கியவன்தான்.

சரி, இருக்கட்டும் என்று தாரிணி அடுப்பை மூட்டச் சொன்னாள். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. உப்பும் கறுப்புச் சாயப்பொடியும் போட்டாள். "கிண்டுங்க அப்பா," என்று ஒரு கம்பைக் கொடுத்தாள். கிண்டினேன். கோமு கவுனைக் கழற்றிக்கொண்டு ஜீன்ஸும் பனியனுமாக வந்தாள். கவுனைப் பாத்திரத்துக்கு மேலே நீட்டியபோதுதான் அண்ணன் விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"நில்லு. என்ன செய்யுத?"

"சாயம் முக்குதேன்பா."

"கறுப்பா? மஞ்ச வச்ச துணியை?"

புதுத்துணி உடுத்தும் முன் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் தடவுவது எங்கள் வழக்கம். மதினி எல்லா உடையிலும் தடவியிருந்தாள். மஞ்சள் வைத்த புதுத்துணியை, அதுவும் கல்யாணமாகாத பிள்ளையின் துணியை, கறுப்பில் முக்குவதா? அண்ணன் கோபப்படவில்லை. முடியாது என்று மட்டும் சொன்னான். கோமு கவுனைக் கீழே இறக்கினாள். மதினி அதை வாங்கி நீவி மடித்தாள்.

தாரிணி தமிழில் தொடங்கினாள், பாதியில் வார்த்தை கிடைக்காமல் ஆங்கிலத்துக்குத் தாவினாள், அதிலும் நின்றுவிட்டாள். தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்து கேமராவைப் பைக்குள் வைத்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"விடுங்க அப்பா. முடிஞ்சது. வீட்டுக்குப் போய் அக்கவுண்டன்சி சேர்றேன். நீங்க சொன்னதே சரி."

நான் காத்திருந்த வார்த்தை அதுதான். அது வந்தபோது எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை. அவள் தலையைக் குனிந்து பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பிள்ளை தோற்கக் கூடாது என்று அந்த இடத்தில்தான் முதன்முதலாக விரும்பினேன். ஆனால் அண்ணனிடம் எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்றைக்கும் வந்ததில்லை.

"என்னடே சொல்லுதா?" என்றான் அண்ணன்.

"படிப்பை விட்டுருவாளாம். இனி நாம சொல்லுததைக் கேப்பாளாம்."

"நாம சொல்லுததையா?"

அண்ணன் பாத்திரத்தின் அருகே வந்து குனிந்தான். ஆவி எழுந்து அவன் கண்ணாடியை மூடியது. கண்ணாடியைக் கழற்றி மதினியிடம் கொடுத்தான். பிறகு சட்டைப் பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.

"என்ன செய்யுதிய?" என்றாள் மதினி.

"பிள்ளை துணியத்தானே வேண்டாம்னேன். இது என் சட்டை."

முண்டும் பனியனுமாக நின்று சட்டையைப் பாத்திரத்தில் இறக்கினான். மஞ்சள் ஒரு கணம் மிதந்தது, பிறகு மூழ்கியது.

காந்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, சாயத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"அன்னைக்கு நாற்காலியில உக்காந்தது நான்தானே. அகலமா உக்காருன்னாங்க, உக்காந்தேன். இவ என் முதுகுக்குப் பின்னாடி நின்னு கரையுதா. கவுன்லேருந்து சாயம் சொட்டுது, எனக்குக் கேக்குது. அந்தக் கறுப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்து கேட்டியா. திரும்பிப் பாக்கணும்போல இருந்து. பாக்கல."

தூரத்தில் சாலையின் இரைச்சல் மட்டும் கடல் மாதிரி கேட்டது.

"அண்ணா, நல்லா முக்கு. ஓரம் வெளுப்பா நிக்குது பாரு," என்றாள் அக்கா. "உப்பு பத்தாது. எனக்குத் தெரியும்." சேலை கட்டுபவள், அன்றைக்கு அண்ணனுக்காகச் சுடிதார் போட்டு வந்திருந்தாள். கோமுவின் பழைய நைட்டி ஒன்றை மாற்றிக்கொண்டு வந்து அந்தச் சுடிதாரைப் போட்டாள். கூடவே ஒரு கை உப்பும்.

"அப்பாக்கு ஆகாம்னா எனக்கும் ஆகாம், நானும் செய்யலாம்," என்று கோமு மதினி கையிலிருந்த கவுனைப் பிடுங்கினாள். அண்ணன் விலகி அவளுக்கு வழிவிட்டான். மருமகள் குழந்தையின் சட்டையைக் கழற்றினாள். "இந்தத் தட்டட்டிய இனி யாரு கழுவுவா?" என்று மாடித் தரையைக் காட்டிக் கேட்டபடியே மதினி ரவிக்கையை மாற்றிக்கொள்ளக் கீழே போனாள்.

தாரிணி எப்போது கேமராவை வெளியே எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆறின துணிகளைப் பிழிந்து ஈரத்தோடு உடுத்திக்கொண்டு அவர்கள் மாடியில் நடந்தார்கள். யாருக்கும் எப்படி நிற்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அண்ணன், கடையை ஏற்ற நாளிலிருந்து குனிந்தே கல்லாவில் உட்கார்ந்த மனிதன், கறுப்பு நீர் சொட்ட, கைகளை விரித்துக்கொண்டு மெல்லச் சுற்றினான். அக்கா தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி உட்கார்ந்து காலாட்டினாள். தூறல் வந்தது. யாரும் கீழே இறங்கவில்லை. தரையெல்லாம் மை ஓடி, அதில் மேகம் தெரிந்தது. நான் கம்போடு பாத்திரத்தின் பக்கத்தில் நின்றேன். யாராவது கிண்டச் சொன்னால் கிண்டுவதற்குத் தயாராக இருந்தேன்.

6

முடிவு வந்துவிட்டது. தாரிணி தேறிவிட்டாள், மூன்றாம் வருஷத்துக்குப் போகிறாள். அண்ணனின் படத்தைத் துறையின் வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். அதை அண்ணனுக்கு அனுப்பினேன். "தொப்பை தெரியுது," என்று பதில் வந்தது.

ஆனால் நான் சொல்ல வேண்டியது அவள் படங்களைச் சமர்ப்பிப்பதற்கு முந்தின சாயங்காலத்தை. வெளியே வழக்கமான காற்று. சமையலறை மேசையில் படங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். எல்லோரும் கறுப்பில் இருந்தார்கள், ஈரமாக, யாருக்கும் கட்டுப்படாதவர்களாக. கடைசியாக ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"இதுதான் முதல் படம் அப்பா. நீங்க பாக்கணும்."

திருப்பினாள். நான். மாம்பழ மஞ்சளில் ஊதாப் பூ, கழுத்துப் பித்தான் வரை போட்டிருக்கிறேன், காலரில் மஞ்சள் பொட்டு. கையில் கம்பு. சுற்றிலும் மங்கலாகக் கறுப்பு உருவங்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன. நான் படத்துக்கு வெளியே யாரையோ பார்க்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்வதற்காக. என் நரைத்த தலை தெரிகிறது. ஆனாலும் அது ஒரு சிறுவன்தான்.

"யாருடைய சைல்ட்ஹுட்னு கேட்டாங்கல்ல," என்றாள் தாரிணி. "இதுதான். மத்ததெல்லாம் கலகம்."

எனக்கு வலித்தது. குடும்பத்தின் துணிச்சல்காரன் நான் என்ற நினைப்பு அந்த மேசை மேலேயே செத்துப்போனது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க வேண்டாம்னா எடுத்துடறேன். நிஜமா. சொல்லுங்க."

அந்தப் படம் இல்லாவிட்டால் மற்றவை நிற்காது என்று எனக்கே தெரிந்தது. இதை உடுத்து, இங்கே நில், இதைப் படி, அங்கே போ என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாமென்றால் சொல் என்று யாரும் சேர்த்துச் சொன்னதில்லை.

"வை," என்றேன். "முதல்லயே வை."

அவள் தலையாட்டிவிட்டுப் படங்களை அடுக்கத் தொடங்கினாள். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"தாரு, அக்கவுண்டன்சி வேண்டாம்னு அன்னைக்கு எங்கிட்ட சொன்னியே. உனக்கு எப்படி அது வாயில வந்தது?"

அவள் யோசித்தாள். யோசித்ததைத் தமிழாக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன செய்வீங்க? கோவம் வரும். ரெண்டு நாள் பேச மாட்டீங்க. அப்புறம் காபி போட்டு எடுத்துட்டு நீங்களே வந்து என் ரூம் கதவைத் தட்டுவீங்க." படங்களிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "உங்ககிட்ட எனக்குப் பயமே இல்லை அப்பா."

எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.